ஐம்பத்தெட்டாம் பக்கத்து மீன்

பூட்டுக் கடைக்கு மேலே இருபத்திரண்டு படி ஏறினால் சுபத்தின் கடை. ஏழாவது படி முனகும். கோபத்தில் இருப்பவர்கள் மிதித்தால் ஒரு விதமாகவும், சந்தோஷத்தில் இருப்பவர்கள் மிதித்தால் வேறு விதமாகவும் முனகும் என்றும், காதலில் இருப்பவர்கள் மிதித்தால் முனகவே முனகாது என்றும் கீழே பூட்டுக் கடைக்காரர் சொல்வார். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம். நான் சொல்வதில் கால்வாசியைத் தள்ளினால் போதும்.

சுபம் என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. ஊர் வைத்தது. கடைப் பலகையில் ‘காதல் நாவல்கள் மட்டும்’ என்று இருக்கும். சுபமாக முடியாத எந்த நாவலும் அந்த இருபத்திரண்டு படியைத் தாண்டியதில்லை. புதுக் கட்டு வந்து இறங்கியதும் ஒவ்வொன்றாக எடுத்து, முதலில் கடைசிப் பக்கத்தைப் படிப்பாள். அங்கே இரண்டு பேரும் ஒரே குடையின் கீழோ, ஒரே வாசலிலோ, போனால் போகிறது, ஒரே வாக்கியத்திலோ இருக்க வேண்டும். ஒருவர் ரயிலிலும் இன்னொருவர் நடைமேடையிலும் நின்றால் புத்தகம் வந்த வழியே திரும்பிப் போகும்.

“இது பெரிய பரிசெல்லாம் வாங்கின நாவல் மேடம்,” என்று ஒரு தடவை பதிப்பகத்து ஆள் கெஞ்சிப் பார்த்தார்.

“வாங்கட்டும். கடைசிப் பக்கத்துல அந்தப் பொண்ணை ஆத்துல தள்ளிட்டுத்தானே எழுதினவர் வாங்கியிருக்கார்? வெளியில எடுத்துட்டு வந்து துவட்டி, ஒரு காபி கொடுத்துட்டு அப்புறமா எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு கதை உண்டு. கடை திறப்பதற்கு முன் இருபது வருஷம் அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினாள். தொலைபேசிப் புத்தகம், மருந்துச் சீட்டு, நீதிமன்றப் படிவம் எல்லாம் அவள் கண்ணுக்குக் கீழே போய்த்தான் அச்சேறும். தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கும் கால்புள்ளி அவள் பார்த்த மாத்திரத்தில் எழுந்து தன் இடத்துக்குப் போய்விடும் என்பார்கள். அந்த இருபது வருஷத்தில் ஒரே ஒரு காதல் நாவல் அந்த அச்சகத்துக்கு வந்தது. பதினாறு பதினாறு பக்கமாகத் திருத்திக்கொண்டு வந்தாள். கடைசிப் பதினாறு பக்கம் வரவே இல்லை. எழுதியவர் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்றார்கள். எழுத வராமல் நின்றுவிட்டார் என்றும் சொன்னார்கள். அந்த நாவலின் கலங்கரை விளக்கக்காரனும் டைப்பிஸ்ட் பெண்ணும் இன்றுவரை ஒரு மாடிப்படியில் எதிரெதிராக நின்றுகொண்டிருக்கிறார்கள். அவன் மேலே, அவள் கீழே. சுபம் அந்த வேலையை விட்டபோது, இனி கடைசிப் பக்கம் கையில் இல்லாமல் எந்தக் கதைக்குள்ளும் காலெடுத்து வைப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டாள்.

அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்பவர்களிடம், “மூவாயிரம் கல்யாணத்தை நடத்தி வச்சிருக்கேன். மூவாயிரத்து ஒண்ணாவதுக்கு எங்க இடம்?” என்பாள். இரண்டு தெரு தள்ளி அவளும் அண்ணியும் ஒரே வீடு. அண்ணன் கப்பலில் வேலை. பத்து மாதத்துக்கு ஒருமுறை வந்து, தன் வீட்டிலேயே எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போவார். அண்ணி பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். நாத்தனார் விற்கும் கதைகளைத் தொட மாட்டாள். “நான் கட்டினவரே கதையில வர்ற மாதிரிதான் வந்துட்டுப் போறார். இன்னொரு கதை எதுக்கு?” என்பது அவள் கட்சி.

கடையில் இரண்டு அறை. புத்தகங்கள் ஆசிரியர் வரிசையில் இருக்காது. காதலர்கள் எப்படிச் சந்தித்தார்கள் என்பதுதான் வரிசை. மழை ஓர் அலமாரி. தப்பாக வந்த கடிதம் ஓர் அலமாரி. பக்கத்து வீடு, ஒரே அலுவலகம், முதலில் வெறுப்பு. ‘முதலில் வெறுப்பு’தான் பெரியது, சுவர் முழுக்கப் போகும். படித்து முடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுத்துப் போகலாம் என்பதால் பாதிப் புத்தகங்கள் பல வீடு கண்டவை. தலையணைக்கு அடியில் கிடந்தவை, குளியலறை ஈரம் பட்டவை, அலுவலக மேஜையில் கோப்புக்குள் ஒளிந்திருந்தவை. பிற்பகலில் நீங்கள் அங்கே தனியாக உட்கார்ந்தால், மூடிய புத்தகங்களுக்குள் ஆட்கள் மெல்லிய குரலில் பேசிக்கொள்வது கேட்கும். கால்வாசி தள்ளுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வாசலில் ஓர் அறிவிப்பு. ‘புத்தகத்தில் எழுதக் கூடாது. கோடு போடக் கூடாது. புள்ளி வைக்கவும் கூடாது.’ பிழை திருத்தியவளுக்கு அச்சில் இல்லாத எழுத்து எல்லாம் அழுக்கு.

அந்த வருஷம் கடைக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. ஒன்பது நாள் மூடினாள். புத்தகங்களை எல்லாம் வீட்டுக் கூடத்துக்கு மாற்றினார்கள். அடுக்கும்போது ஒன்று கைநழுவி நடுவில் திறந்துகொண்டது. கடைசிப் பக்கம் பார்த்தே பழகிய கண்ணுக்கு நடுப்பக்கம் புதுத் தேசம். பக்க ஓரத்தில் எறும்பு அளவுக்கு ஒரு பொத்தான், இரண்டு துளையோடு, பென்சிலில். அடுத்த புத்தகத்தில் ஒரு பல். அதற்கடுத்ததில் ஒரு தபால் உறை. மூன்றாவது புத்தகத்துக்குள் அவள் காது சிவந்துவிட்டது.

“அண்ணி, இங்க பாருங்க! பதினொரு வருஷமா என் முதுகுக்குப் பின்னாடி கிறுக்கியிருக்காங்க!”

அண்ணி எட்டிப் பார்த்தாள். “ஐயையோ, மூட்டைப்பூச்சி மாதிரி இருக்கே. இரு, நல்ல ரப்பர் தர்றேன். தாள் கிழியாம அழிக்கும். வெளிநாட்டு ரப்பர், உன் அண்ணன் கொண்டுவந்தது. அந்த மனுஷனால எனக்கு ஆன ஒரே உபயோகம்.”

ஒன்பது நாள். இரண்டாயிரத்துச் சொச்சம் புத்தகம். ஒரு பக்கம் விடவில்லை. ரப்பர்த் துகள் மட்டும் ஒரு தலையணை உறை நிறைய வந்தது. அண்ணி எதையும் வீணாக்க மாட்டாள். வாயைத் தைத்துத் தலைக்கு வைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் முகம் வெளிறி எழுந்து வந்தாள். முன்பின் தெரியாத ஒரு பல் டாக்டர் தன்னைப் பார்த்து உருகி உருகிக் கவிதை சொன்னதாகக் கனவு. “பாதிக் கவிதையில ‘வாயை இன்னும் கொஞ்சம் திறங்க’ன்னு சொல்றான்டி,” என்றாள்.

கடை திறந்தாள். வெள்ளைச் சுவர், புது வாசனை, சுத்தமான புத்தகங்கள். இரண்டாம் நாள் காலையில் ஏழாவது படி கோபமாக முனகியது. தையல்காரம்மா.

“ஏம்மா சுபம், இது நான் மூணு தடவை படிச்ச கதை!”

“அப்புறம் ஏன் எடுத்துட்டுப் போனீங்க?”

“படிச்சதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? எல்லாத்துலயும் மழை பெய்யுது, எல்லாத்துலயும் குடை மறந்துட்டு வர்றான். நாப்பதாம் பக்கத்துல என் பொத்தான் இருந்தா படிச்சது, இல்லேன்னா படிக்காதது. பொத்தானைக் காணோம்!”

சுபம் நாற்பதாம் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதற்குள் பல் டாக்டர் வந்தார். அவருக்கு முப்பத்திரண்டாம் பக்கத்தில் பல். அவருக்குப் பின்னால் தபால்காரர். எல்லோருக்கும் சொந்தமாக ஒரு பக்கம், சொந்தமாக ஒரு குறி. அறிவிப்புக்குப் பயந்து எறும்பு அளவில் போட்டிருக்கிறார்கள். ஒருவர் குறி இன்னொருவருக்குத் தெரியாது. என் குறி எது என்று கேட்காதீர்கள். அந்தக் கூட்டத்தில் நானும் வாயைத் திறக்காமல் நின்றேன்.

“எனக்கு இதை யாருமே சொல்லலையே,” என்றாள் சுபம்.

“புள்ளி வைக்கவும் கூடாதுன்னு எழுதி வச்சிட்டு, சொல்லலைன்னா எப்படி?” என்றார் தபால்காரர். “சொன்னா ரப்பரோட வந்திருப்பீங்க.”

“இப்ப மட்டும் வராமலா இருந்தாங்க?” என்றாள் தையல்காரம்மா.

சிரிப்பும் சண்டையுமாக அது போயிற்று. படித்ததையே இன்னொரு தடவை படித்தால் குடி முழுகிப் போகாது. ஆனால் லிஃப்ட் மெக்கானிக் விஷயம் அப்படியில்லை.

அவர் நாலு மாதமாகத்தான் வருகிறார். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது வயது. விரல் ரேகையில் கிரீஸ். வந்ததும் ஒரு புத்தகத்தை உருவி, நடுவில் எங்கேயோ ஒரே ஒரு பக்கத்தைப் பார்ப்பார். வைத்துவிடுவார். அடுத்தது. திடீரென்று ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து மேஜையில் வைப்பார். ஒரு பருக்கை பதம் பார்க்கிற ஆள் என்று சுபம் நினைத்துக்கொண்டிருந்தாள். அன்று அவர் உருவினார், பார்த்தார், வைத்தார். மழை அலமாரி முடிந்தது. கடித அலமாரி முடிந்தது. இரண்டு மணி நேரம் ஒரு புத்தகமும் மேஜைக்கு வரவில்லை. கடைசியில் வெறும் கையோடு வந்து நின்றார்.

“எல்லாம் அழிஞ்சு போச்சாம்மா?”

“உங்களுதும் ஏதாவது இருந்துதா சார்? பொத்தானா, பல்லா?”

“மீன். என்னுது இல்ல. என் வீட்டுக்காரி போட்டது.”

சுபம் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள். அவர் உட்காரவில்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, ஏதோ திருகு தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பவர் மாதிரி ஆட்டிக்கொண்டே பேசினார்.

“மகளுக்குக் குழந்தை பொறந்திருக்கு, வேற தேசத்துல. பாத்துக்கப் போயிருக்கா. கிளம்புறப்ப சொன்னா, ‘குழந்தை உக்காரப் பழகுற வரைக்கும் இருப்பேன். அப்புறம் வந்து என் சாமானை எடுத்துட்டு அங்கேயே போயிடலாமான்னு யோசிக்கிறேன். அங்க பேச்சுக்கு ஆள் இருக்கு’ன்னு. ‘இங்க நான் இருக்கேனே’ன்னேன். ‘நீங்க இருக்கீங்க, பேச்சுக்கு ஆள் எங்க’ங்கறா.” அவர் நாற்காலியை ஆட்டுவதை நிறுத்தினார். “நான் பேசாத ஆள் இல்லம்மா. பேசுவேன். ஆனா லிஃப்ட் பத்தித்தான் வரும். கம்பி, கப்பி, கதவு. முப்பத்தொரு வருஷம் கேட்டா, பாவம்.”

மனைவி போன பிறகு அலமாரியில் மடித்த துணிக்கு அடியில் இரண்டு காதல் நாவல்கள் கிடைத்தன, இந்தக் கடை முத்திரையோடு. இரண்டிலும் ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் அரிசி அளவு ஒரு மீன்.

“அவளுக்கு வரைய வர்றது அது ஒண்ணுதான். மகளுக்குச் சோறு ஊட்ட, தட்டுல விரலால போட்டுக் காட்டுவா. ஐம்பத்தெட்டு எங்க முதல் வீட்டுக் கதவு நம்பர். ஒத்தை அறை. அங்க நான் லிஃப்ட் பத்திப் பேசினாக்கூடச் சிரிப்பா.” மறுபடி நாற்காலியை ஆட்டினார். “என் எதிர்லதான் உக்காந்திருப்பா, ஆனா அவ அங்க இல்ல, இந்தப் புத்தகத்துக்குள்ள எங்கயோ இருந்திருக்கா. எங்க இருந்தான்னு போய்ப் பாத்துட்டு வரலாம்னுதான். அவ வந்ததும் கேக்கலாம் பாருங்க, அந்தக் கதையில அப்படிப் பண்ணானே, அது சரியான்னு. அடுத்த மாசம் ஏழாம் தேதி வர்றா. நாப்பத்துமூணு படிச்சிருக்கேன். மிச்சம் எங்கன்னு காட்ட இப்ப மீன் இல்ல.”

சுபத்துக்கு அந்த அம்மாளைத் தெரியும். வியாழக்கிழமை தோறும் வருவாள், உயரமாக, ஈரக்குடையை வாசலிலேயே விரித்து வைத்துவிட்டு. என்னென்ன எடுத்தாள் என்று தெரியாது. யார் எந்தக் காதலை வீட்டுக்குக் கொண்டு போனார்கள் என்று எழுதி வைப்பது மரியாதை இல்லை என்று அவள் அந்த வேலையே செய்ததில்லை.

“போன் பண்ணிக் கேட்டா என்ன சார்?”

“என்னன்னு கேப்பேன்? ‘நீ படிச்சதை எல்லாம் சொல்லு, படிச்சுட்டு வந்து உன்கிட்ட பேசுறேன்’னா? அது பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி ஆயிடாதா?” என்றார். இறங்கிப் போகும்போது ஏழாவது படி என்ன சொன்னது என்று பூட்டுக் கடைக்காரர் கூடச் சொல்லவில்லை.

அன்று சுபம் வீட்டுக்குப் போனதும் சோபாவில் பொத்தென்று விழுந்தாள். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு குடும்பத்தையே அழிச்சுட்டேன் அண்ணி. ரப்பரை வச்சு.”

முழுவதும் கேட்டுவிட்டு அண்ணி கடைசிச் சட்டையை மடித்து வைத்தாள். “ரப்பர் கொடுத்தது நான். பழியில பாதி எனக்கு. ஆனா அழிச்சா போயிடுச்சுன்னு உனக்கு யாருடி சொன்னது?”

“பின்ன?”

“என் கிளாஸ்ல பசங்க கண்ட படத்தை வரைவானுங்க. நான் வர்றதுக்குள்ள அழிச்சிட்டு ‘ஒண்ணுமே வரையல டீச்சர்’னு நிப்பானுங்க. தாளை ஜன்னல் பக்கம் கொண்டு போய் வெயிலுக்குப் படுக்க வச்சாப்ல பிடிப்பேன். அத்தனையும் தெரியும், என் மூக்கு உள்பட. பென்சில் தாள்ல பள்ளம் பண்ணியிருக்கும். கரிதான் போகும், பள்ளம் போகாது.”

கடையின் மேற்கு ஜன்னலுக்கு எதிரே இரண்டு உயரமான கட்டடங்கள். நடுவில் ஒரு சந்து. நாலு மணிக்குச் சூரியன் அந்தச் சந்துக்குள் இறங்கி, அறைக்குள் படுத்த மாதிரி நுழையும். ஐந்தேகாலுக்குப் போய்விடும். ஆக, நாளொன்றுக்கு ஒன்றேகால் மணி நேரம். மறுநாள் நாலு மணிக்கு அண்ணி பள்ளிக்கூடத்திலிருந்து நேரே கடைக்கு வந்தாள். முதல் முறையாக ஒரு காதல் நாவலைக் கையில் எடுத்தாள், பாம்பைப் பிடிப்பது போல. ஐம்பத்தெட்டாம் பக்கம். வெளிச்சத்தின் மட்டத்துக்கு ஏந்தினாள். வெறும் தாள் மேடு பள்ளமாகி, காற்றில் அசையும் குளம் போலத் தெரிந்தது. மீன் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. பதினாறாவதில், ஓரத்தில், வால் முதலில் வந்தது. பிறகு வயிறு. பிறகு கண்ணுக்கு ஒரு குத்து.

“சுபம்,” என்றாள் அண்ணி, சத்தம் போட்டால் நீந்திப் போய்விடும் என்பது போல.

ஒரு வாரத்துக்குள் நாலு மணிக் கூட்டம் ஜன்னலோரம் கூட ஆரம்பித்துவிட்டது. தையல்காரம்மா வந்தாள், தபால்காரர் சுற்று முடித்து வந்தார், பல் டாக்டர் தன் கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியோடு வந்தார். அவரைக் கண்டதும் அண்ணி இரண்டடி பின்வாங்கியதற்குக் காரணம் எனக்கும் சுபத்துக்கும் மட்டும் தெரியும். ஆளுக்கொரு கட்டு. எல்லோரும் ஐம்பத்தெட்டாம் பக்கத்தை மட்டும் திறந்து, முகத்துக்கு நேரே தட்டாக ஏந்திக்கொண்டு, ஒற்றைக் கண்ணை மூடியபடி. சூரியன் எல்லோர் இமையிலும் பொன் பூசியது. பேச்சு தானாகக் குறைந்துவிடும். தாள் புரளும் சத்தம் மட்டும். எப்போதாவது யாராவது “மீன்” என்பார்கள். மற்றவர்கள் மூச்சு விடுவார்கள்.

அந்த நாட்களில் எனக்கு ஓர் உண்மை விளங்கியது. உலகத்துக் காதல் நாவல்களின் ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் பெரும்பாலும் யாரும் யாரையும் காதலிப்பதில்லை. சாவியைத் தேடுகிறார்கள். தப்பான பஸ்ஸில் ஏறுகிறார்கள். ‘உங்களைப் போல் திமிர் பிடித்த மனிதரை நான் பார்த்ததே இல்லை’ என்கிறார்கள்.

“இவங்க எல்லாம் சேர்ந்துடுவாங்களா?” என்றாள் அண்ணி ஒரு நாள், ஒரு ஐம்பத்தெட்டாம் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

“என் கடையில இருந்தா சேர்ந்துடுவாங்க.”

“அதுக்கில்ல. இந்தச் சண்டையை எப்படிச் சரி பண்றாங்கன்னு…” என்று இழுத்தாள். அந்தப் புத்தகம் அன்று அண்ணியின் கைப்பையில் போனதை யாரும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

மீன் கிடைத்த பக்கங்கள் எல்லாம் சுபத்தின் மேஜைக்கு வரும். அவள் அந்தப் பள்ளத்தின் மேல் பென்சில் ஓட்டவில்லை. இன்னொருத்தி கை போட்ட கோட்டைத் தான் போடுவது பொய்க் கையெழுத்து என்றாள். மீனுக்குக் கீழே மூன்று சின்னப் புள்ளி மட்டும் வைத்தாள். அச்சகத்தில், சரியாக இருந்ததை அவசரப்பட்டு அடித்துவிட்டால், அடித்ததன் கீழே அப்படிப் புள்ளி வைப்பார்கள். ‘நான் அடித்தது தப்பு, இருந்தது இருக்கட்டும்’ என்று அர்த்தம். இருபது வருஷத்தில் அவள் தன் திருத்தத்துக்குக் கீழே அந்தப் புள்ளியை வைத்ததே இல்லை என்று பெயர். இப்போது ஒவ்வொரு நாளும் வைத்தாள்.

மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு மீன். மெக்கானிக் அதைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்தே விட்டார். இருபத்தாறு நாள்தான் பாக்கி.

“அத்தனையும் முடியாதும்மா.”

“முடிஞ்ச வரைக்கும் படிங்க சார். நீங்க வர்றீங்கங்கறதுதான் விஷயம், எவ்வளவு தூரம்ங்கறது இல்ல.”

அவர் கொஞ்சம் தயங்கினார். “படிச்சதுல நானும் ஒரு குறி போட்டுக்கட்டுமா? மீனுக்குப் பக்கத்துல? இன்னொரு தடவை தொலைஞ்சிடக் கூடாதுன்னு.”

வாசலில் அறிவிப்பு புது வண்ணத்தில் பளபளத்துக்கொண்டிருந்தது. சுபம் அதைப் பார்த்தாள். எழுந்து போய், சிவப்புப் பென்சிலால் அதன் குறுக்கே நீக்கல் குறியைச் சுழித்துவிட்டு, அதே பென்சிலை அவர் கையில் கொடுத்தாள். சிவப்பு வேண்டாம், சாதாரணம் போதும் என்று அவர் காது மேலிருந்து தன்னுடையதை எடுத்துக்கொண்டார். ஏற்கெனவே படித்த நாற்பத்துமூன்றிலும் மீனுக்குப் பக்கத்தில் ஒரு நட்டு வரைந்தார். ஆறு மூலை, நடுவில் ஓட்டை.

அந்த இருபத்தாறு நாளும் அவர் எங்கே படித்தார் என்று நினைக்கிறீர்கள்? லிஃப்ட் கூண்டின் கூரைமேல். வேலைக்கு நடுவே, இருட்டுக் குழாய்க்குள், தலைவிளக்கு வெளிச்சத்தில், எண்ணெய் பூசிய கம்பிகளுக்கு நடுவே சம்மணம் போட்டு. நகரத்து லிஃப்ட்கள் எல்லாம் அந்த மாதம் கொஞ்சம் மெதுவாகப் போயின. ஒரு வங்கியில் ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் ஒரு லிஃப்ட் நாலு நிமிஷம் நின்றதாம். உள்ளே இருந்தவர்கள் கத்தப் போகிற நேரத்தில், மேலே கூரையில் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டதாம். பிறகு ஒரு பக்கம் புரளும் சத்தம். லிஃப்ட் நகர்ந்ததாம். இதில் கால்வாசிகூடத் தள்ளாதீர்கள். அந்த லிஃப்டில் நான் இருந்தேன்.

ஏழாம் தேதி வந்தது. எட்டும் ஒன்பதும் போயின. மெக்கானிக் கடைப் பக்கம் வரவில்லை. சுபம் வராத அந்தக் கடைசிப் பதினாறு பக்கத்துக்குக் காத்திருந்த பழைய நாட்கள் போல ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தாள். பத்தாம் தேதி வியாழன். வாசலில் ஈரக்குடை ஒன்று விரிந்தது.

“நல்லா இருக்கீங்களா?” என்றாள் அந்த அம்மாள். பையிலிருந்து இரண்டு புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். “துணிக்கு அடியில ரொம்ப நாளாக் கிடந்துது. திருப்பிக் கொடுத்துடலாம்னு வந்தேன். வேற எடுக்கல. அடுத்த வாரம் மறுபடியும் மகள்கிட்டயே போறதா இருக்கேன். சாமானெல்லாம் கட்டணும்.”

சுபம் அந்த இரண்டு புத்தகத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “வீட்டுல சார்…?”

“இருக்கார். வந்ததுலேருந்து அதே கதைதான். ஏதோ சொல்ல வாயைத் திறக்கறார். காது சிவக்குது. அப்புறம் ரயில்வே ஆஸ்பத்திரி லிஃப்டுல கம்பி மாத்தினதைச் சொல்றார்.”

சொல்லிவிட வேண்டும் போல இருந்தது சுபத்துக்கு. ஆனால் அது அவர் சொல்ல வேண்டிய வாக்கியம். இன்னொருவர் வாக்கியத்தில் கை வைத்து ஒரு தடவை பட்டாயிற்று.

“எடுக்கலேன்னாலும் பரவாயில்ல. கடை புதுசா இருக்கு, சும்மா ஒரு சுத்துப் பாத்துட்டுப் போங்கம்மா. மழை விடட்டும்.”

அந்த அம்மாள் மழை அலமாரி முன்னால் நின்றாள். பழக்க தோஷம், ஒன்றை உருவி, கட்டைவிரலால் ஐம்பத்தெட்டைத் திறந்தாள். நின்றாள். மூடி வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். அதற்கடுத்தது. கடித அலமாரிக்குப் போனாள், வேகமாகப் போனாள். ‘முதலில் வெறுப்பு’ சுவரில் உருவியதைத் திரும்ப வைக்காமல் மேஜைக்கே கொண்டுவந்தாள்.

“என் மீனை யாரோ அழிச்சிருக்காங்க. கீழ மூணு புள்ளி வேற. இது என்ன, தண்ணியா?”

“அது நான்தாம்மா. அழிச்சதும் நான், புள்ளி வச்சதும் நான். மன்னிச்சுக்குங்க.”

“சரி. பக்கத்துல இது?”

சுபம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “நிறைய பேர் வர்றாங்க. யாருன்னு…”

“ஆறு மூலை, நடுவுல ஓட்டை.” அந்த அம்மாள் பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “எங்க வீட்டுக் காலண்டர்ல லீவு நாளெல்லாம் இதுதான். மளிகைச் சீட்டு ஓரத்துல இதுதான். கல்யாணமான புதுசுல எனக்கு எழுதின ஒரே கடுதாசியில கையெழுத்துக்குக் கீழயும் இதுதான். இதை எனக்குத் தெரியாதா?” நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். “எத்தனை?”

“எழுபத்தொண்ணு.”

“எல்லாம் படிச்சாரா?”

“லிஃப்ட் கூரை மேல உக்காந்து.”

அந்த அம்மாள் முகத்தைப் புத்தகத்தால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று புத்தகம் இறங்கும் வரை தெரியவில்லை. இறங்கியபோது இரண்டும் இருந்தன.

“அதான் கம்பி மாத்தினதைச் சொல்றப்ப நடுவுல, ‘காத்திருக்கறவங்களுக்குத்தான் லிஃப்ட் லேட்டா வரும்’ன்னார். நான் என்னடா இது, இந்த மனுஷன் வாயில இப்படின்னு பாத்தேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க.”

“சொல்ல மாட்டேன்.”

“அவரே சொல்லட்டும். எப்பவாவது சொல்வார்.” எழுந்து சுவர் முழுக்கப் பார்த்தாள். கீழ்த் தட்டில் செங்கல் போலக் கிடந்த ஒன்றை இரண்டு கையாலும் தூக்கினாள். அறுநூற்று இருபது பக்கம். கடையில் அதைவிடத் தடியான, அதைவிட மந்தமான கதை கிடையாது. நாயகனும் நாயகியும் நானூறு பக்கம் வரை வேறு வேறு ஊரில் இருப்பார்கள். “ஒரு பென்சில் கொடுங்க.”

ஐம்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்து, ஓரத்தில், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாகவே ஒரு மீன் போட்டாள்.

“இதை நீங்க படிச்சிருக்கீங்களாம்மா?” என்றாள் சுபம்.

“யாரு படிப்பா இதை?” என்றாள் அந்த அம்மாள். “அவர் வர்றப்ப கண்ணுல படற மாதிரி வைங்க.”

“முடிக்கவே மூணு மாசம் ஆகும் அவருக்கு.”

“ஆகட்டும். மெதுவாப் படிக்கட்டும். நான் இங்கதானே இருக்கப் போறேன்.”

குடையை மடித்துக்கொண்டு அவள் இறங்கிப் போனாள். சுபம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டு, இருபத்தொன்று, இருபது… ஏழாவது படி எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. மேஜைமேல் அந்தத் தடிப் புத்தகம் திறந்து கிடந்தது. படிக்காத கதையில் படித்த குறி. சுத்தப் பிழை. சுபத்தின் விரல் பழக்கத்தில் ரப்பரைத் தேடிப் போய், பாதியில் நின்றது. எதற்கும் இருக்கட்டும் என்று கீழே மூன்று புள்ளியை வைத்தாள்.